மறு: சாலையோர மண்ணில் உலோகம் – ‘உயிர்க்கிடைமை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நெடுஞ்சாலையை ஒட்டிக் கீரை போடுபவர்களுக்கான துண்டறிக்கை அச்சுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. அதில் எந்தத் தமிழ்ச் சொற்களைப் போடுவது என்று இந்த மடல் இழையில் பேசிவருகிறோம். மண்ணில் இருக்கும் உலோகத்தில் எவ்வளவு உயிரினத்தின் உள்ளே போய்ச் சேரும் என்பதைக் குறிக்கும் ‘பயோஅவைலபிலிட்டி’க்கு ‘உயிர்க்கிடைமை’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது. அதைப் பற்றியும் மற்றச் சொற்களைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கன உலோகமா, பார உலோகமா என்பதை இத்தோடு விட்டுவிடலாம். இங்கே கன உலோகம் பழகிவிட்டது, இலங்கையில் பார உலோகம் என்பார்கள். எப்படி எழுதினாலும் புரியும். ‘ஹெவி மெட்டல்’ என்பதற்கே ஒழுங்கான வரையறை கிடையாது என்று 2002-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியமான ஐயூபேக்கின் அறிக்கை ஒன்று எடுத்துச் சொன்னது.

ஆனால் ‘ஈயம்’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. பெட்ரோல் புகையோடு வந்து சாலையோரத்தில் படிந்ததோ காரீயம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது, ஆனால் அதுவரை படிந்தது மண்ணின் மேல் சில அங்குலத்திலேயே தங்கியிருக்கிறது. மழை அதை எளிதில் கீழே இறக்காது. எனவே எல்லா இடத்திலும் காரீயம் என்றே போடுவோம்.

இனி முக்கியமான சொல்.

> பயோஅவைலபிலிட்டி = உயிர்க்கிடைமை

‘கிடைமை’ என்றதும் எனக்குக் கிடைமட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அதையாவது பழக்கத்தில் சரிசெய்துகொள்ளலாம். ‘உயிர்’ என்ற முன்னொட்டு யாருக்குக் கிடைக்கிறது என்பதை மறைத்துவிடுகிறதே, அதுதான் என் கவலை. பயிருக்கா, குழந்தைக்கா, மண்புழுவுக்கா? இந்த விஷயத்தில் விடை ஆளுக்கு ஆள் மாறும்.

காரீயம் மண்ணில் நிறைய இருந்தாலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளோடும் மட்கோடும் ஒட்டிக்கொள்ளும். வேர் வழியாகக் கீரை இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். இலைமேல் படியும் தூசுதான் பெரிய தொல்லை. காட்மியம் அப்படியல்ல. டயரில் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடோடு சிறு கலப்பாக வருவது அது. அளவு குறைவாக இருந்தாலும் மண் புளித்திருந்தால், அதாவது அமிலத்தன்மை கூடியிருந்தால், எளிதாக இலைக்குப் போய்விடும். அதே மண்ணில் விளையாடிவிட்டு ஒரு குழந்தை விரலை வாயில் வைத்தால் கதை வேறு. பயிரால் எடுக்க முடியாத காரீயத்தில் நல்ல பங்கை இரைப்பை அமிலம் கரைத்துவிடும். ‘உயிர்க்கிடைமை குறைவு’ என்று எழுதினால் படிக்கும் தாய் நிம்மதியாகிவிடுவாள். அப்படி ஆகக் கூடாது.

ஆய்வகத்திலும் இவை தனித்தனிச் சோதனைகள். வலுவான அமிலத்தில் மண்ணைச் சூடாக்கிக் கரைத்தால் வருவது மொத்த அளவு. உலோகத்தைப் பற்றி இழுக்கும் டி.டி.பி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலில் இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டினால் பயிர் எடுக்கக்கூடிய பங்கு தெரியும். துத்தநாகப் பற்றாக்குறை பார்க்க நம் மண் ஆய்வு நிலையங்களில் செய்வதும் இதைத்தான். குழந்தையின் வயிற்றுக்கு என்றால், பி.எச். 1.5 என்ற கடும் அமில நிலையில் உள்ள கிளைசின் (ஓர் அமினோ அமிலம்) கரைசலில், உடல் சூடான 37 டிகிரியில், ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். இந்த மூன்றாவதைப் பயோஅவைலபிலிட்டி என்பதே தவறு. வயிற்றில் கரைவது வேறு, ரத்தத்தில் சேர்வது வேறு. ‘பயோஅக்சஸிபிலிட்டி’ என்று தனிச் சொல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்கிறோம். கரைந்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததை ‘எட்டுமளவு’ என்றும், உள்ளே போய்ச் சேர்ந்ததைக் ‘கிட்டுமளவு’ என்றும் சொன்னால் என்ன? மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் இருக்கிறது, ஆனால் பயிருக்குக் கிட்டாத நிலையில் இருக்கிறது என்பது விவசாயிகளுக்குப் பழகிய பேச்சு. அவர்களுக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

‘கிட்ட’ என்றால் அருகில் என்ற குழப்பம் வருமே என்று சிலர் கேட்கக்கூடும். ‘பயிருக்குக் கிட்டுமளவு’, ‘குருதிக்குக் கிட்டுமளவு’ என்று நான்காம் வேற்றுமையோடு எழுதும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. யாருக்கு என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதியே ஆக வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் கட்டாயம்தான்.

துண்டறிக்கைக்கான வரிகளை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘சுண்ணாம்பும் மட்கிய எருவும் இட்டால் காட்மியம் பயிருக்குக் கிட்டுமளவு குறையும்; மண்ணில் உள்ள மொத்த அளவு குறையாது. காரீயம் குழந்தையின் வயிற்றில் எட்டுமளவு இதனால் எவ்வளவு குறையும் என்று சொல்ல முடியாது. ஆகவே சாலையோர மண்ணில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். கீரையைப் பல முறை அலசுங்கள்.’

‘வயிற்றில் எட்டுமளவு’ காதுக்குக் கொஞ்சம் இடறுகிறது என்று எனக்கே படுகிறது. ‘வயிற்றில் கரையுமளவு’ என்றே போட்டுவிட்டு, எட்டுமளவை அகராதிக்கு வைத்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் வரும் திருத்தங்களை அடுத்த பதிப்பில்தான் சேர்க்க முடியும்.

அன்புடன்