‘நம்ம வீட்டுக் கூட்டம்’ குழுவில் ஒரு சுரைக்காய்

*ஏப்ரல் 6, ஞாயிறு*

நான் (காலை 6.40): [படம்] இதைப் பாருங்கள். மாடி முழுக்கச் சுரைப்பூ உதிர்ந்து கிடக்கிறது, எண்ணிப் பார்த்தேன், 17. தை கடைசியில் விதை போட்டு, 20 லிட்டர் பெயின்ட் வாளியில் வளர்த்து, பந்தல் கட்ட இவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காய்ந்து, கடைசியில் ஒரு பிஞ்சு கூட இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

அம்மா (6.52): கண்பட்டிருக்கும். போன வாரம்தானே ஸ்டேட்டஸில் போட்டாய். பழைய செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடு.

சித்தி, திருச்சி (6.58): இங்கே தக்காளியும் அப்படித்தான், பூ பூத்து மறுநாளே காம்போடு விழுகிறது. நான் யார் கண் என்று சொல்ல?

பெரியப்பா, ஒட்டன்சத்திரம் (7.15): உதிர்ந்தது எல்லாம் ஆண் பூ தாயி. சுரை, பூசணி, பீர்க்கு, பாகல் எல்லாவற்றிலும் முதலில் ஆண் பூதான் வரும், அது பூத்து உதிர்வதுதான் அதன் வேலை. காம்பு நீளமாக மெலிந்து இருந்தால் ஆண். பூவுக்குக் கீழே சுண்டுவிரல் நகம் அளவு குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டு இருந்தால் பெண். முதலில் அதைத் தேடு, செருப்பு அப்புறம் கட்டலாம்.

பெரியப்பா (7.18): கொடி நுனியைக் கிள்ளினாயா

நான் (7.20): எதற்குக் கிள்ள வேண்டும்? நன்றாக வளர்கிறதே என்று விட்டுவிட்டேன் பெரியப்பா.

பெரியப்பா (7.26): அதான். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், அதிலும் கிள்ளினால் அடுத்த கிளை வரும், அந்தக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும்

தம்பி (7.31): அக்கா இதுதான் 3ஜி கட்டிங். யூடியூபில் ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். நாடே 5ஜிக்குப் போய்விட்டது, நம் வீட்டுச் சுரை மட்டும் இன்னும் 1ஜியிலேயே நிற்கிறது.

அத்தை, மதுரை (7.40): அது நான் கொடுத்த விதை. என் வீட்டில் வேலியோரம் தானாக ஏறிக் காய்த்த கொடியின் விதை. சென்னைக்காரர்கள் கையில் போனதும் அதற்குக் கிள்ளல், கட்டிங் எல்லாம் தேவைப்படுகிறது.

மாமா, மதுரை (7.44): *முன்னனுப்பப்பட்டது* செடிகள் செழிக்க 10 ரகசியங்கள்!! மீந்த டீயை வேரில் ஊற்றவும்!! வாழைப்பழத் தோல், வெங்காயத் தோல்…

நான் (7.49): மாமா, அந்த டீ ரகசியத்தைப் போன மாதம் நீங்கள் அனுப்பியபோதே செய்து பார்த்துவிட்டேன். பாலும் சர்க்கரையும் போட்ட டீ. மூன்றாம் நாள் ரோஜாத் தொட்டியில் எறும்புப் புற்று, அந்த எறும்பைத் தொடர்ந்து குருத்தெல்லாம் அசுவினிப் பூச்சி. சமையலறை வரைக்கும் எறும்பு வரிசை வந்துவிட்டது.

மாமா (7.50): டீத்தூளைக் கழுவிப் போட வேண்டும் என்று கீழே எழுதியிருந்ததே. நீ முழுதாகப் படிக்கவில்லை.

அண்ணி (8.05): இங்கே செம்பருத்தியில் மாவுப்பூச்சி. தண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாக. நேற்று வேப்பெண்ணெய் அடித்தேன், இன்று இலையெல்லாம் கருகியிருக்கிறது. பூச்சி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரியப்பா (8.09): எத்தனை மணிக்கு அடித்தாய், எவ்வளவு கலந்தாய்

அண்ணி (8.11): 11 மணி இருக்கும் மாமா. அளவெல்லாம் பார்க்கவில்லை, ஒரு சின்னக் கரண்டி… கொஞ்சம் பெரிய சின்னக் கரண்டி.

பெரியப்பா (8.20): லிட்டருக்கு 5 மில்லி போதும், எண்ணெய் தண்ணீரில் கலக்க மூன்று நான்கு சொட்டு சோப்புக் கரைசல், அடிப்பது சூரியன் இறங்கிய பிறகு. பங்குனி வெயிலில் 11 மணிக்கு எண்ணெய் பூசினால் இலை அப்பளம்தான். மாவுப்பூச்சியை முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ள வேண்டும், அந்த வெள்ளைப் பூச்சு போனால்தான் மருந்து உடம்பில் படும். எறும்பையும் பார், அந்தப் பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பே அதைக் காவல் காக்கும்

அம்மா (8.24): இலை மட்டுமா கருகியது? அதே மாடியில் நான் கூழ் வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தேன். ஒன்றரை படி அரிசி. நேற்று ராத்திரி நான்கு பொரித்துப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை, வேப்பெண்ணெய் வாடை. நான் யாரையும் சொல்லவில்லை.

அண்ணி (8.26): அத்தை, காற்று அந்தப் பக்கம் அடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தம்பி (8.27): ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்துகொண்டு குழுவில் எதற்குப் பேசுகிறீர்கள்?

அம்மா (8.28): அவள் மாடியில் இருக்கிறாள்.

சித்தி (8.45): அத்தான் என் தக்காளிக்கு ஒன்றும் சொல்லவில்லையே.

பெரியப்பா (8.58): தக்காளி வெயிலுக்கு முறைக்கிற செடிம்மா. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் மகரந்தம் வேலை செய்யாது, பூ விழும். திருச்சி வெயிலில் சித்திரை வைகாசிக்குத் தக்காளியை நம்பாதே. நிழல் வலை கட்டி உயிரோடு வைத்திரு, போதும். வெண்டை, கொத்தவரை, கீரை போடு, அதெல்லாம் வெயில் தாங்கும். என்ன தண்ணீர் ஊற்றுகிறாய்

சித்தி (9.02): ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீர். வீணாகப் போகிறதே என்று பிடித்து வைத்து ஊற்றுகிறேன்.

பெரியப்பா (9.04): தொட்டி மண் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, இலை ஓரம் காய்கிறதா

சித்தி (9.05): ஆமாம் அத்தான்!! நீங்கள் வந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்.

பெரியப்பா (9.11): உப்பு. மெஷின் நல்ல தண்ணீரை உனக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் அந்தக் குழாயில்தான் தள்ளுகிறது. அது வீடு துடைக்க, கக்கூஸ் கழுவ. செடிக்கு வேண்டாம். ஒரு தடவை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, அடியில் ஓட்டை வழியாக வழிந்து ஓடும்படி மண்ணைக் கழுவு. ஏ.சி. தண்ணீர் இருந்தால் ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது

தம்பி (11.30): இப்போது என் கதை. சிரிக்கக் கூடாது. பால்கனியில் மூன்று தொட்டி வைக்கலாம் என்று தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கினேன், 5 கிலோ. பார்க்க ஒரு செங்கல் அடுக்கு அளவுதான் இருந்தது, போதாது என்று இரண்டாக வாங்கிவிட்டேன். குளியலறையில் இரண்டு வாளியில் வாளிக்கொன்றாகப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆபீஸ் கால் வந்தது என்று போய்விட்டேன். முக்கால் மணி நேரம்.

தம்பி (11.33): ஒரு கட்டி ஊறினால் 70 லிட்டர் வருமாம். அதை இப்போதுதான் அட்டையில் படிக்கிறேன்.

நான் (11.34): ஐயோ

தம்பி (11.39): குளியலறைத் தரை தெரியவில்லை. தண்ணீர் போகிற ஜாலி அடைத்துக்கொண்டு, ஹால் வரைக்கும் பழுப்பு வெள்ளம். அறைத்தோழன் ஊருக்குப் போயிருக்கிறான், அவனுடைய துணிக்கூடை, என் துணிக்கூடை, அரிசி டிரம், ஒரு ஹெல்மெட் எல்லாவற்றிலும் நார்க்கழிவு அள்ளி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டிலிருந்து வீட்டு ஓனர் மேலே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

அத்தை (11.41): அரிசி எங்கே?

தம்பி (11.42): தலையணை உறையில்.

*ஏப்ரல் 7, திங்கள்*

நான் (காலை 6.15): பெண் பூ இருக்கிறது!!! இரண்டு! கீழே குட்டிக் காய், பச்சை ரோமம் போர்த்தின மாதிரி. பெயின்ட் பிரஷ் எடுத்துக்கொண்டு மகரந்தம் தொட்டு வைக்கப் போனேன், ஆனால் பூவெல்லாம் கூம்பிக் கிடக்கிறது.

பெரியப்பா (6.30): பூசணிக்குத்தான் விடியற்காலை. சுரையும் பீர்க்கும் சாயந்திரம் விரியும், ராத்திரி அந்துப்பூச்சி வந்து சேர்க்கும். வெள்ளைப் பூ எதற்கு வெள்ளையாக இருக்கிறது என்று நினைக்கிறாய், இருட்டில் தெரியத்தான். உன் மூன்றாவது மாடிக்கு அந்துப்பூச்சி வரவில்லை போல. நீ பார்த்த பெண் பூ மொட்டாகத்தான் இருக்கும், 6 மணிக்கு மேல் போ. பிரஷ் எல்லாம் வேண்டாம், ஆண் பூவையே பறித்து இதழைக் கிழித்துவிட்டுப் பெண் பூ நடுவில் தடவு

நான் (இரவு 8.10): தடவியாகிவிட்டது. ஆனால் நான் மேலே போன நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து நின்றேனா, பக்கத்து மாடியிலிருந்து “யாரது, யாரது” என்று ஒரே சத்தம். வாயில் போன் இருப்பதால் பதில் சொல்லவும் முடியவில்லை. அவர்கள் கீழே போய் வாட்ச்மேனைக் கூப்பிட, அவர் கம்போடு வர, நான் கையில் சுரைப்பூவோடு நிற்க… இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மாமா (8.14): இதைத்தான் நான் சொல்வது, மின்வெட்டு நேரத்தில் மாடிக்குப் போகக் கூடாது.

சித்தி (8.15): நீங்கள் எப்போது சொன்னீர்கள் அண்ணே?

*ஏப்ரல் 11, வெள்ளி*

நான் (காலை 7.02): ஒன்று மஞ்சளாகி விழுந்துவிட்டது. இன்னொன்று கட்டைவிரல் கனம் வந்திருக்கிறது. பழ ஈ கொட்டிவிடும் என்று பெரியப்பா போனில் சொன்னார், அதனால் இவருடைய பழைய பனியனை வெட்டிக் காய்க்குப் போட்டுவிட்டேன். [படம்]

தம்பி (7.10): அத்தான் போட்டுக்கொண்டிருந்ததை விட இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

மாமா (7.30): காய் வந்ததும் எனக்கு வேண்டும். தினமும் வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ் குடித்தால் சர்க்கரை இறங்குமாம்.

அம்மா (7.33): முதல் காய் கோயிலுக்கு.

அண்ணி (7.34): நான்தான் பக்கத்தில் இருக்கிறேன், தாம்பரம்.

அத்தை (7.41): விதை யாருடையது?

*ஏப்ரல் 14, திங்கள்*

சித்தி (காலை 6.05): எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். [படம்] மார்கழியில் மொட்டையாக வெட்டிவிட்டேன் என்று எல்லாரும் திட்டினீர்களே, அதே குண்டுமல்லி. நேற்று மட்டும் ஒரு பெரிய சம்படம் நிறைய மொட்டு. சாயந்திரம் பறித்துக் கட்டி வைத்தேன், ராத்திரி 9 மணிக்கு விரிந்து வாசம் தெருமுனை வரைக்கும். உப்புத் தண்ணீரை நிறுத்திய புண்ணியம் என்று நினைக்கிறேன், அத்தானுக்கு நன்றி.

அத்தை (6.20): நன்றாக இருக்கிறது. மதுரை மல்லி வாசம் வராது, ஆனால் நன்றாக இருக்கிறது.

அண்ணி (6.44): செம்பருத்தி துளிர்த்துவிட்டது. அம்மாவும் நானும் சேர்ந்து புது வடகம் பிழிந்தோம். இந்தத் தடவை செடி கிழக்கே, வடகம் மேற்கே.

தம்பி (9.15): நார்க்கழிவு வேண்டுமா யாருக்காவது? இலவசம். வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டில் வெந்தயம் தூவினேன், முளைத்துவிட்டது.

*ஏப்ரல் 20, ஞாயிறு*

நான் (காலை 7.30): அறுத்தாயிற்று! ஒரு கிலோ 200 கிராம். நகத்தால் கீறினால் இறங்குகிறது, நல்ல இளசு. கூட்டு வைக்கப் போகிறேன்.

பெரியப்பா (7.34): காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார். விழுங்காதே

நான் (7.41): கசக்கிறது பெரியப்பா. லேசாக இல்லை, பாகற்காய் தோற்றுவிடும். துப்பிவிட்டேன், இன்னும் நாக்கில் நிற்கிறது.

மாமா (7.43): கசப்பு நல்லதுதானே, சர்க்கரைக்கு. ஜூஸ் போட்டு எனக்கு

பெரியப்பா (7.44): மாப்பிள்ளை அந்தப் பேச்சே வேண்டாம்

பெரியப்பா (7.52): பாகற்காய்க் கசப்பு வேறு, இது வேறு. சுரை கசந்தால் அது விஷம். குக்குர்பிட்டசின் என்று சொல்வார்கள். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், உயிர் போனதும் உண்டு. கசந்தால் குடிக்காதே என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லியிருக்கிறது. சமைத்தாலும் போகாது. குப்பையில் போடு தாயி, மாட்டுக்கும் வைக்காதே

நான் (7.55): நான் ராத்திரியில் தொட்டு வைத்தது தப்பாகிவிட்டதா? தண்ணீர் குறைந்ததாலா?

பெரியப்பா (8.06): தண்ணீர் குறைந்து வெயில் ஏறினால் கொஞ்சம் கசக்கும், அது உண்டு. இந்த அளவுக்கு என்றால் விதையில் இருக்கிறது. நீ தொட்டு வைத்த மகரந்தம் உள்ளே இருக்கிற விதையைத்தான் மாற்றும், காயின் சுவையை மாற்றாது. மதுரை வீட்டு வேலிக்குப் பக்கத்தில் பேய்ச்சுரை, அதான் கசக்கிற காட்டுச் சுரை, எதுவும் இருந்ததா என்று தங்கச்சியைக் கேள்

அத்தை (8.20): அண்ணே, அந்தக் காலி மனையில் என்னென்னவோ படர்ந்து கிடக்கும். நானா நட்டேன்?

அத்தை (8.21): என் வீட்டுக் காய் கசக்கவில்லை. நாங்கள் மூன்று மாதம் சாப்பிட்டோம்.

பெரியப்பா (8.25): உன் காய் கசக்காது. அதற்குள் இருந்த விதைதான் கலப்பு. அதில் முளைத்தது கசக்கும்

தம்பி (8.27): அத்தை சாப்பிட்டது காய், அக்காவுக்குக் கொடுத்தது பழி.

நான் (8.40): கொடியைப் பிடுங்க மனசு வரவில்லை. பந்தல் வந்த பிறகு கீழே படுக்கையறை மதியத்தில் கொதிப்பதில்லை. இன்னும் இரண்டு பிஞ்சு வேறு இறங்கியிருக்கிறது, பனியன் போட்டு.

பெரியப்பா (8.52): நிழலுக்கு இருக்கட்டும். பிஞ்சை அறுக்காமல் கொடியிலேயே முற்றவிட்டுக் காயவிடு, குலுக்கினால் விதை கலகலக்கும், அப்போது அறுத்தால் குடுக்கை. குடுக்கை செய்கிறவன் உள்ளே பொடியை நோண்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது இரண்டு குடுக்கையை இடுப்பில் கட்டித்தான் கிணற்றில் நீச்சல் பழகினோம், உன் அப்பனையும் அப்படித்தான் தள்ளிவிட்டேன். விதையை மட்டும் எடுத்து வைக்காதே, யாருக்கும் கொடுக்காதே. ஆடிக்கு நான் வேறு விதை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்

அத்தை (9.10): குடுக்கை காய்ந்ததும் ஒன்று எனக்கு வேண்டும்.

அத்தை (9.10): விதை என்னுடையது.