கிம் குவாங்சோக் பாட்டு உங்களை எங்கே பிடிச்சது? கொரியாவில் இருக்கிறவங்க சொல்லுங்க

டேகுவாசி (இழையைத் தொடங்கியவர்)

கே-பாப்னு சொன்னா நம்மாளுங்களுக்கு உடனே பிடிஎஸ்தான். ஆனா இங்கே நாற்பதைத் தாண்டின கொரியர்கிட்ட பாட்டுப் பேச்சு எடுத்தா, சுத்திச் சுத்தி ஒரு பேர் வந்து நிக்கும்: கிம் குவாங்சோக். 1964 ஜனவரியில் தென்கொரியாவோட டேகு நகரத்துல, டேபோங்-டோங் பகுதியில பிறந்து, சின்னப் பிள்ளையா இருக்கும்போதே குடும்பத்தோட சியோல் போயிட்டவர். 1996 ஜனவரி 6-ல் இறந்துபோனார். வயசு 31தான். கையில கிட்டார், கழுத்துக் கம்பியில மவுத் ஆர்கன். மேடைக்கு அது போதும் அவருக்கு.

நான் காய்கறி வாங்கப் போற பாங்சோன் சந்தையை ஒட்டி, சின்சோன் ஆத்தங்கரைச் சுவரோரமா ஒரு சந்து இருக்கு. 350 மீட்டர் இருக்கும். 2010-ல் அவர் பேரில் திறந்தாங்க. சுவர் முழுக்க அவர் முகம்தான். கிட்டாரோட உட்கார்ந்திருக்கிற வெண்கலச் சிலை ஒண்ணு. ஒலிபெருக்கியில பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். வெங்காயத்தாள் கட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கும்போது காதில் விழுந்து விழுந்தே பழகிப் போச்சு. யார் பாடுறார்னு விசாரிச்சதெல்லாம் அப்புறம்தான். உங்க கதையைச் சொல்லுங்க.

வவுனியாப் பெடியன்

நான் சாங்வொன் நகரத்தில ஒரு பட்டறையில வேலை. எங்கட சூப்பவைசருக்கு ஒரே மகன். பெடியன் ஆமிக்குப் போறதுக்கு முதல் கிழமை எங்களை எல்லாம் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பாடு முடிய நோரேபாங் (காசு குடுத்து மைக்கில பாடுற அறை). அங்க அவர் போட்ட பாட்டுத்தான் 'சிப்பாயின் கடிதம்'. தாய் தேப்பனை விழுந்து கும்பிட்டிட்டு, ரயில் ஏறிப் பயிற்சி முகாமுக்குப் போற பெடியன்ர பாட்டு. இங்க ஆம்பிளையளுக்கு ராணுவ சேவை கட்டாயம், எல்லாருமே ஒருக்கா அந்தப் பயணம் போனவங்கள்தான். எங்களை வெருட்டி வேலை வாங்கிற மனிசன், இரண்டாவது சரணத்தில மைக்கைப் பக்கத்தில இருந்தவன்ர கையில குடுத்திட்டு வெளியால போயிட்டார். மிச்சத்தை மற்ற ஆக்கள் பாடி முடிச்சாங்கள்.

பிறகுதான் கேள்விப்பட்டன், குவாங்சோக்கின்ர அண்ணன் ஆமியில இருக்கேக்க செத்தவராம். அதால இவருக்கு ஆறு மாதச் சேவைதான் குடுத்தவை. பாட்டு எழுதினது கிம் ஹ்யோன்-சோங் எண்டவர். ஆனா அண்ணனை நினைச்சுத்தான் இவர் அதைப் பாடினவர் எண்டு சொல்லுவினம்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஆமி எண்டால் வேற ஞாபகம் வரும். அண்டைக்கு அந்த மேசையில நான் ஒண்டும் கதைக்கேல்லை. சூப்பவைசர் திரும்பி வர அவருக்குச் சோஜு (இங்கத்தைய சாராயம்) மட்டும் ஊத்திக் குடுத்தன்.

டேகுவாசி

தம்பி, இதுக்கு என்ன பதில் எழுதுறதுன்னு தெரியல. இதே பாட்டுதான் 2000-ல் வந்த பார்க் சான்-வுக்கோட 'ஜேஎஸ்ஏ' படத்துல வரும். எல்லைக் காவல்ல இருக்கிற வடகொரியச் சிப்பாயா நடிச்ச சோங் காங்-ஹோ இதைக் கேட்டுட்டு, குவாங்சோக் ஏன் இவ்வளவு சீக்கிரம் செத்துப்போனான்னு கேப்பார். அவனுக்காக ஒரு கிளாஸ்னு ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சேர்ந்து குடிப்பாங்க.

சியோல் ஆய்வு மாணவி

நான் சியோல்ல டேஹங்னோங்கிற நாடக அரங்குப் பகுதி பக்கம் குடியிருந்தேன். ஹாக்சோன் அரங்கம் நடந்து போற தூரம். பாடகர் கிம் மின்-கி 1991-ல் திறந்த சின்ன நிலவறை அரங்கம். குவாங்சோக் பெரிய டிவி நட்சத்திரமா ஆனவர் இல்லை. சின்னச் சின்ன அரங்கா ஏறி, ஆளுங்க முகம் தெரியற தூரத்துல உட்கார்ந்து பாடியே பேர் வாங்கினவர். 1995 ஆகஸ்டுல ஆயிரமாவது கச்சேரி இந்த ஹாக்சோன்லதான். ஆயிரம்! நம்ம ஊர் நாடகக் கம்பெனிக்காரங்களுக்குத்தான் அந்த உழைப்பு புரியும்.

அரங்க வாசல்ல 2008-ல் வச்ச நினைவுக் கல் ஒண்ணு, அவர் முகத்தோட. நான் பார்த்தப்ப கல்லடியில ஒரு சோஜு பாட்டில், மூடி திறந்து, காகிதக் கப்புல ஊத்தி வச்சிருந்தது. கப்புக்குள்ள ஒரு எறும்பு. வருஷா வருஷம் ஜனவரி 6-ல் அவர் பாட்டைப் பாடுற போட்டி அங்கேதான் நடந்துக்கிட்டிருந்தது. 2024 ஜனவரியில நடந்ததுதான் ஹாக்சோன்ல கடைசி. மார்ச் 15-ல் அரங்கத்தை மூடிட்டாங்க, 33 வருஷம் ஓடினபிறகு. நிதி நெருக்கடி, போதாததுக்குக் கிம் மின்-கிக்குப் புற்றுநோய். அந்த ஜூலையில அவரும் போயிட்டார்.

என்னை விழ வச்சது பாட்டுகூட இல்லை, பாட்டுக்கு நடுவுல அவர் பேசுற பேச்சு. நேரடிப் பதிவுகள்ல இருக்கு, தேடிக் கேளுங்க. நாற்பது வயசானா ஹார்லி டேவிட்சன் வாங்கணும்ங்கிறார். தன் கால் குட்டைன்னு தன்னையே கிண்டல் பண்ணிக்கிறார். அறுபதுல ஒரு காதல் வேணுமாம். கூட்டம் சிரிக்குது. கேக்குற நமக்குத்தான் அவர் சாகப்போற தேதி தெரியும். எனக்கு அந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வரும், யார் மேலன்னு தெரியாத கோபம்.

கறார் கந்தசாமி

ரெண்டு விஷயத்துல முரண்படறேன். திட்டறவங்க திட்டிக்கலாம்.

ஒண்ணு, அந்த டேகு சந்து. விவரம் தெரியறதுக்கு முன்னாடியே ஊரை விட்டுப் போன ஆளுக்கு அங்கே சிலை, காதலர் பூட்டு, காபிக் கடை. கூட்டம் வந்ததும் வாடகை ஏறி, சந்தையில பட்டறை வச்சிருந்த ஓவியர்கள் பலர் காலி பண்ணவேண்டி வந்தது.

ரெண்டு, அவரை 'பாடலாசிரியர்'னு தூக்கிப் பிடிக்கறது. 'முப்பதை ஒட்டி' காங் சுங்-வொன் எழுதினது. 'அறுபதுகளில் ஒரு தம்பதி' கிம் மோக்-கியோங் பாட்டு. அவர் பெரிய பாட்டுல பாதி கடன் வாங்கினது.

சியோல் ஆய்வு மாணவி

வாடகை விஷயம் சரி, ஒத்துக்கறேன். ரெண்டாவதுக்கு மாட்டேன். 'எழுந்திரு', 'காற்று வீசிவரும் இடம்' ரெண்டும் சொல்லும் மெட்டும் அவரோடதுதான். மத்தவங்க பாட்டைப் பாடினதும் சும்மா இல்லை. 'மறுபடி பாடுதல்'னே பேர் வச்சு 1993-லயும் 1995-லயும் ரெண்டு ஆல்பம் போட்டார். ஆளுங்க மறந்துட்டு இருந்த பாட்டைத் தேடி எடுத்தார். அந்தத் தம்பதி பாட்டு கிம் மோக்-கியோங் குரல்ல முன்னாடியே வந்ததுதான். இன்னிக்கு ஊரே முணுமுணுக்குதுன்னா அதுக்குக் காரணம் இவர் குரல்.

கறார் கந்தசாமி

குரலைச் சொன்னீங்களே, 2021-ல் எஸ்பிஎஸ் டிவியில செயற்கை நுண்ணறிவை வச்சு அவர் குரலைச் செஞ்சு, அவர் பாடவே பாடாத பாட்டைப் பாட வச்சாங்க, பார்த்தீங்களா? கிம் பம்-சூ பாட்டு. என் மாமனார் (கொரியர்) கேட்டு முடிச்சிட்டு, "நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டு சேனலை மாத்திட்டார். அப்புறம் அடுப்படிக்குப் போய் அந்தத் தம்பதி பாட்டைத்தான் முணுமுணுத்துக்கிட்டு இருந்தார். மனைவியோட கடைசிப் பயணத்துல கிழவன் பேசற பாட்டு அது. வெள்ளைக் கையால டை கட்டிவிட்டது, கடைசிப் பையன் பரீட்சைக்குக் கண்முழிச்சது, மூத்த பெண் கல்யாணத்துல அழுதது எல்லாம் வரும். என் மாமியார் பக்கத்துல நின்னு முள்ளங்கி நறுக்கிக்கிட்டே, "இப்பவே வழியனுப்பறீங்களா என்னை"ன்னு அதட்டினாங்க.

புதுசா வந்தவன்

அண்ணே, அடுத்த மாசம் டேகு வர்றேன். சந்துக்கு எப்படிப் போகணும்?

டேகுவாசி

மெட்ரோ ரெண்டாவது லைன், கியோங்டே மருத்துவமனை ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம் தம்பி. சனி ஞாயிறு வேண்டாம், செல்ஃபி எடுக்கிறவங்க வரிசையில நிக்கணும். வார நாள்ல சாயங்காலமா வா. சந்தைக்குள்ள சாப்பிட்டுக்கலாம். கந்தசாமியையும் கூட்டிக்கிட்டு வா, காபிச் செலவு அவர் கணக்கு.