புதுப்பிப்பு: கொத்தமல்லி சோயா சாஸ் ஏன் கறுக்கிறது?

கொத்தமல்லி, புதினாவைச் சோயா சாஸுடன் அரைக்கும் இந்தப் பச்சை சாஸுக்கு முன்பு கொடுத்த அளவில் மாற்றமில்லை: கொத்தமல்லி 2 கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி, இஞ்சி 1 அங்குலம், பூண்டு 2 பல், பச்சை மிளகாய் 2, சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு தலா 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, வறுத்த எள்ளின் எண்ணெய் 1 தேக்கரண்டி.

பலர் கேட்டது நிறத்தைப் பற்றி. அரைபட்ட இலையிலுள்ள நொதிகள் காற்றுப் பட்டதும் கறுப்பைக் கொண்டுவரும். புளிப்பு, பச்சையத்தை மங்கலாக்கும். அதனால் நொதிகளை அடக்க, அரைக்கும் முன் இலைகளைக் கொதிநீரில் 10 விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் இறுகப் பிழியுங்கள். வாசனை கொஞ்சம் குறையும். உடனே சாப்பிடுவதென்றால் இந்த வேலையே வேண்டாம். எலுமிச்சைச் சாற்றை எப்படியும் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும்.

தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், கொத்தமல்லியில் தண்டுக்கும் நல்ல மணம் உண்டு. புதினாத் தண்டு மட்டும் கசக்கும்.

மிக்சியைத் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி நிறம் போகும், விட்டுவிட்டு ஓட்டுங்கள். அரைபடவில்லையா? தண்ணீருக்குப் பதில் ஒரு ஐஸ் கட்டி. எண்ணெயைக் கடைசியில் கரண்டியால் கலக்கினால் போதும். உப்பு வேண்டுமா என்பதை, சோயா சாஸ் சேர்த்து ருசி பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பச்சைப் பூண்டு இருப்பதால் வெளியே வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜில் 3 நாள். அதற்கு மேல் என்றால் எலுமிச்சை சேர்க்காமல் ஐஸ் தட்டில் உறையவையுங்கள்.