ஸ்காட்லாந்து: இரண்டாவது வாக்கெடுப்பு எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது?

தென்காற்று:

ஸ்காட்லாந்து ஐக்கிய ராஜ்யத்திலிருந்து (யு.கே.) பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்ற 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ 55.3%, ‘வேண்டும்’ 44.7%. அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து 62% ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்போம் என்றது. 2021 ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் தனிநாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி (எஸ்.என்.பி.) 64, பசுமைக் கட்சி 8; ஆக 129 இடங்களில் 72 தனிநாட்டுக்காரர்கள் கையில் வந்தது. அப்படியும் இன்னொரு வாக்கெடுப்பை நடத்த முடியவில்லை.

தெரிந்தவர்கள் விளக்குங்கள். வெறும் ‘மக்கள் கருத்து’ கேட்கும் வாக்கெடுப்பைக்கூட நடத்தக்கூடாது என்று 2022இல் சுப்ரீம் கோர்ட் எந்த அடிப்படையில் சொன்னது? லண்டன் சம்மதித்தால் நடைமுறையில் என்னென்ன கட்டங்கள்? ஜெயித்துவிட்டார்கள் என்றே வையுங்கள், பவுண்டு என்ன ஆகும்? வீரம், துரோகம், பிரேவ்ஹார்ட் எல்லாம் வேண்டாம். சட்டமும் கணக்கும் போதும்.

ஷரத்து:

மூலச் சட்டம் 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம். ஹோலிரூட், அதாவது எடின்பரோ நாடாளுமன்றம், எதில் சட்டம் போடலாம் என்று அதில் பட்டியல் கிடையாது. எதில் போடக்கூடாது என்றுதான் பட்டியல். அதுதான் 5ஆம் அட்டவணை. அதில் இல்லாத எல்லாமே ஹோலிரூடுக்கு. அந்த அட்டவணையின் முதல் பத்தியிலேயே ‘ஸ்காட்லாந்து, இங்கிலாந்து முடியரசுகளின் ஒன்றியம்’, ‘ஐக்கிய ராஜ்ய நாடாளுமன்றம்’ இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. 29ஆம் பிரிவின்படி, இப்படி ஒதுக்கப்பட்ட விஷயத்தோடு ‘தொடர்புடைய’ ஷரத்து எதையும் ஹோலிரூட் நிறைவேற்றினாலும் அது சட்டம் ஆகாது. தொடர்பு உண்டா இல்லையா என்பதை அதன் நோக்கத்தையும் விளைவையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வழக்கு முழுவதும் இந்த ‘தொடர்புடைய’ என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போன வழியும் வழக்கமானது இல்லை. மசோதா கொண்டுவரும் அமைச்சர் ‘இது எங்கள் அதிகாரத்துக்குள் வருகிறது’ என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு ஸ்காட்லாந்து அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்டு அட்வகேட்டின் தலையசைப்பு வேண்டும். அந்தப் பதவியில் இருந்த டோரத்தி பெயின் அந்த அளவுக்கு உறுதி தரத் தயாராக இல்லை. அதனால் மசோதாவை அவையில் வைக்காமலே, 6ஆம் அட்டவணை 34ஆம் பத்தியின் கீழ், வரைவை நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். ‘வரைவுக்கெல்லாம் பதில் சொல்லாதீர்கள்’ என்றது லண்டன் அரசு. கோர்ட் அதை ஏற்கவில்லை. கேள்வியை எடுத்துக்கொண்டு, எடின்பரோவுக்குப் பாதகமாகப் பதில் சொன்னது. 2022 நவம்பர் 23, ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து.

எடின்பரோவின் வாதம்: இது ஆலோசனை வாக்கெடுப்பு, முடிவு எதுவானாலும் சட்டப்படி ஒன்றும் தானாக நடந்துவிடாது, ஆகவே ‘விளைவு’ பூஜ்யம். கோர்ட்டின் பதில்: சட்டத்தின் கீழ் முறைப்படி நடக்கும் வாக்கெடுப்பு கருத்துக்கணிப்பு இல்லை. அதன் முடிவுக்கு ஜனநாயக அந்தஸ்து வந்துவிடும். ஒன்றியத்தின் நியாயத்தையே அது பலப்படுத்தும் அல்லது ஆட்டிவைக்கும். இது மேலோட்டமான தொடர்பு இல்லை. சுயநிர்ணய உரிமை வாதத்தை எஸ்.என்.பி. தனியாக வைத்தது. கியூபெக் மாகாணம் பிரிவது பற்றிய கனடா சுப்ரீம் கோர்ட்டின் 1998 கருத்துரையைக் காட்டி அதையும் தள்ளிவிட்டார்கள்: சர்வதேசச் சட்டத்தில் அந்த உரிமை காலனிகளுக்கும், அந்நிய ஆதிக்கத்தில் கிடப்பவர்களுக்கும், ஆட்சியில் பங்கே மறுக்கப்பட்ட மக்களுக்கும்தான்.

லண்டன் சம்மதித்தால் வழி, அதே 1998 சட்டத்தின் 30ஆம் பிரிவு ஆணை. 5ஆம் அட்டவணையைத் திருத்தும் வரைவு ஆணையை காமன்ஸ் சபை, பிரபுக்கள் சபை, ஹோலிரூட் மூன்றும் நிறைவேற்ற வேண்டும். பிறகு மன்னர் பிரிவி கவுன்சிலில் பிறப்பிப்பார். 2012 அக்டோபர் 15 அன்று அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரனும் ஸ்காட்லாந்து முதல் அமைச்சர் சால்மண்டும் கையெழுத்திட்ட எடின்பரோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2013இல் வந்தது இப்படிப்பட்ட ஆணைதான். ஆனால் அது நிரந்தர அதிகாரம் தரவில்லை. ஒரே வாக்குச்சீட்டு, இரண்டே பதில், 2014 டிசம்பர் 31க்குள் நடத்தியாக வேண்டும். தேதி போனதும் பூட்டு மறுபடி விழுந்துவிட்டது. 2017இல் சால்மண்டுக்கு அடுத்து வந்த முதல் அமைச்சர் ஸ்டர்ஜன் கேட்டார், பிரதமர் தெரசா மே ‘இது நேரமில்லை’ என்றார். 2019 கடைசியில் மறுபடி கேட்டார், 2020 ஜனவரியில் பிரதமர் போரிஸ் ஜான்சன் மறுத்தார். மறுப்பதற்குக் காரணம் சொல்லும் சட்டக் கடமைகூட லண்டனுக்குக் கிடையாது.

அனுமதி இல்லாமலே நடத்தினால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பார்கள். எதிர்த்தரப்பு புறக்கணிக்கும், வாக்குப்பதிவு சுருங்கும், 90% வந்தாலும் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஸ்பெயினிலிருந்து பிரிய 2017இல் கேடலோனியா அனுமதியின்றி நடத்திய வாக்கெடுப்பு கண்முன்னே இருக்கிறது.

அணாபைசா:

சட்டத்தை அவர் சொல்லிட்டார். நான் பணத்துக்கு வரேன். 2014இல் ‘வேண்டும்’ தரப்பு தடுமாறினதே இந்த இடத்திலதான்.

நாணயத்துக்கு மூணு வழிதான். இங்கிலாந்தோட நாணய ஒன்றியம், கேட்காமலே பவுண்டைப் பயன்படுத்துறது, சொந்த நாணயம். எடின்பரோ அரசு தனிநாட்டுத் திட்டமா வெளியிட்ட 2013 நவம்பர் வெள்ளை அறிக்கை முதல் வழியை நம்பி எழுதப்பட்டது. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து ‘அது நடக்காது’ன்னார். லேபரும் லிபரல் டெமாக்ராட்டும் அதையே சொன்னாங்க. சால்மண்டோ ‘அது மிரட்டல், ஜெயிச்சா இறங்கி வருவாங்க’ன்னு சொல்லி மாற்றுத் திட்டத்தைக் கடைசிவரை தெளிவா வைக்கலை. தொலைக்காட்சி விவாதத்தில் அடி வாங்கினது அங்கேதான்.

கேட்காம பவுண்டைப் பயன்படுத்துறதை யாரும் தடுக்க முடியாது, அது உண்மை. சிக்கல் பின்னாடி வரும். வட்டி விகிதத்தை லண்டன்ல தன் பொருளாதாரத்தைப் பார்த்து நிர்ணயிப்பாங்க. வங்கி ஒண்ணு கவிழ்ந்தா பணம் அச்சடிச்சுக் காப்பாத்த சொந்த மத்திய வங்கி இருக்காது. கையிருப்பு தீர்ந்தா கடன் வாங்கணும், இல்லேன்னா ஏற்றுமதியில சம்பாதிக்கணும். பெரிய வங்கிகளை வெச்சிருக்கிற ஊருக்கு இது ஆபத்து. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தே வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, ‘வேண்டும்’ ஜெயிச்சா பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாத்துவோம்னு அறிவிச்சது இதனாலதான்.

‘ஸ்காட்லாந்து வங்கிகள் ஏற்கெனவே நோட்டு அடிக்குதே’ன்னு ஒரு வாதம் வரும். அடிக்குது, மூணு வங்கி. ஆனா ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடா அதே மதிப்புக்கு பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பணத்தைக் காட்டணும். அந்த ஈட்டுக்காகவே ஒரு மில்லியன் பவுண்டு நோட்டுக்கு ‘ஜெயண்ட்’, நூறு மில்லியன் நோட்டுக்கு ‘டைட்டன்’னு பேர் வெச்சு தனியா அச்சடிக்கிறாங்க, வெளியே புழக்கத்துக்கு வராது. அட்டைப்படம் எடின்பரோவுது, உள்ளே இருக்கிற பணம் லண்டனோடது.

சொந்த நாணயம்னா மேலே சொன்ன குறைகள் போயிடும், வேற குறைகள் வரும். வீட்டுக்கடன் பவுண்டுல, ஓய்வூதியம் பவுண்டுல. புது நாணயம் பவுண்டுக்கு எதிரா 15% இறங்கினதுன்னு வைங்க, சம்பளம் புது நாணயத்தில வாங்கி தவணை பவுண்டுல கட்டுறவன் நிலைமை என்ன? தவணை கிட்டத்தட்ட 18% ஏறும். எஸ்.என்.பி.யின் 2018 வளர்ச்சிக் குழு முதல்ல பவுண்டு, ஆறு நிபந்தனை நிறைவேறினா பிறகு சொந்த நாணயம்னு சொன்னது. 2022 அக்டோபர் அரசு அறிக்கையும் அதே வரிசைதான், ‘சாத்தியமானவுடன்’ ஸ்காட்டிஷ் பவுண்டு. எந்த வருஷம்னு தேதி இல்லை.

பற்றாக்குறை: ஜெர்ஸ், அதாவது ஸ்காட்லாந்து அரசோட வரவு-செலவு புள்ளிவிவரப்படி 2023-24இல் ஸ்காட்லாந்தின் நிகரப் பற்றாக்குறை ஜி.டி.பி.யில் 10.4%. இது வடகடல் எண்ணெய் வருமானத்தை அது கிடைக்கிற இடப்படி சேர்த்த பிறகு. முழு யு.கே.வுக்கு 4.5%. ஐரோப்பிய ஒன்றியத்தோட அளவுகோல் 3%. வெள்ளை அறிக்கை எண்ணெயை பீப்பாய்க்கு 113 டாலர்னு வெச்சுக் கணக்குப் போட்டது. 2015 ஜனவரியிலேயே 50க்குக் கீழே. தனிநாடு அறிவிக்கிறதாச் சொன்ன தேதி 2016 மார்ச் 24, அந்த வருஷ ஜனவரியில 30க்கும் கீழே. எண்ணெயை ‘கூடுதல் போனஸ்’ன்னு சொல்லிக்கிட்டே அடிப்படைக் கணக்குல சேர்த்தது பெரிய தப்பு.

எல்லைக்கோடு:

அணாபைசா, ஜெர்ஸை இப்படி நேராகத் தூக்கிப் போடுவது நியாயமில்லை. அது இன்றைய ஏற்பாட்டில் ஸ்காட்லாந்துக்காக ஆகும் செலவின் கணக்கு; தனிநாட்டின் முதல் பட்ஜெட் இல்லை. யு.கே. கடன் வட்டி, பாதுகாப்பு எல்லாவற்றிலும் மக்கள்தொகைப் பங்கு, கிட்டத்தட்ட 8%, அதில் ஏற்றப்படுகிறது. ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தில் டிரைடென்ட் அணு ஆயுத நீர்மூழ்கிகளை வைத்துக்கொள்ள மாட்டோம் என்பவர்கள் அதே பாதுகாப்புச் செலவைச் செய்யப் போவதில்லை. கடனும் அப்படியே: 2014 ஜனவரியில் பிரிட்டிஷ் கருவூலமே, ஏற்கெனவே வெளியிட்ட எல்லாக் கடன்பத்திரங்களுக்கும் தானே பொறுப்பு என்று சந்தைக்கு அறிவித்தது. ஸ்காட்லாந்தின் பங்கு எவ்வளவு என்பது பேச்சுவார்த்தையில் முடிவாகும் தொகை. நாணயம், எண்ணெய், ஃபாஸ்லேனை எத்தனை வருடத்தில் காலி செய்வது, எல்லாம் அதே மேசையில்தான் வரும்.

ஆனால் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது நாணயம் இல்லை, எல்லை. 2014இல் இரண்டு நாடும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் என்ற அனுமானம் இருந்தது, எல்லை ஒரு பிரச்சினையே இல்லை. பிரெக்ஸிட் தனிநாட்டுக்கான காரணத்தைப் பலப்படுத்தியது. அதே கையோடு தனிநாட்டின் செலவையும் ஏற்றிவிட்டது. ஸ்காட்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், கிரெட்னாவில் எம்6 நெடுஞ்சாலை ஏ74(எம்) ஆகும் இடமும், பெரிக்குக்கு வடக்கே ஏ1 சாலையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லை. ஆட்களுக்குச் சிக்கல் வராது, யு.கே.வோடு தடையின்றிப் போய்வரும் பொதுப் பயண மண்டலத்தில் அயர்லாந்து இருப்பதுபோல் இருந்துவிடலாம். சரக்குக்குத்தான்: சுங்கப் படிவம், எந்த நாட்டுப் பொருள் என்ற சான்று, இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் விலங்கு மருத்துவர் சான்றிதழ். ஸ்காட்லாந்தின் ஏற்றுமதியில் சுமார் 60% போவது யு.கே.வின் மற்றப் பகுதிகளுக்கு.

ஸ்பெயின் வீட்டோ போடும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆம் ஷரத்துப்படி, புது நாட்டைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பது சரி. ஸ்பெயினின் கவலை கேடலோனியா போன்ற ஒருதலைப்பட்சமான பிரிவு பற்றியது. லண்டன் ஒப்புக்கொண்ட பிரிவு வேறு கதை. எஸ்.என்.பி. 30ஆம் பிரிவையே பிடித்துத் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தென்காற்று:

நன்றி, மூவருக்கும். ஒரு துணைக்கேள்வி. வட அயர்லாந்துக்கு ஏழு வருட விதி இருக்கிறதாமே? அது ஸ்காட்லாந்துக்கு ஏன் பொருந்தாது? அப்புறம் ‘தலைமுறைக்கு ஒருமுறை’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்களா இல்லையா?

ஷரத்து:

எடின்பரோ ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இல்லை. வெள்ளை அறிக்கையிலும் பிரசாரத்திலும் இருந்தது, சால்மண்டே சொன்னார். அரசியல் வாக்குறுதி, சட்டப் பிணைப்பு இல்லை. ஒப்பந்தத்தில் உள்ளது ‘முடிவை இரு அரசுகளும் மதிக்கும்’ என்பதுதான்.

ஏழு வருடம் என்பது 1998 வட அயர்லாந்துச் சட்டத்தின் முதல் அட்டவணை. அங்கே, ஐக்கிய அயர்லாந்துக்குப் பெரும்பான்மை கிடைக்கும் என்று லண்டன் அரசின் வட அயர்லாந்து அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். ஒன்று நடந்தபின் ஏழு வருடம் இடைவெளி. அதாவது சாவியை எப்போது திருப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. எத்தனை தேர்தல் ஜெயித்தால் போதும், எத்தனை சதவீத ஆதரவு வேண்டும், ஒன்றுமே எழுதப்படவில்லை. என் பார்வையில் இந்த விவகாரத்தின் உண்மையான ஓட்டை இதுதான். லண்டனுக்கு இந்த மௌனம் வசதியாக இருக்கிறது. 2024 பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் எஸ்.என்.பி. 48 இடத்திலிருந்து 57இல் 9 ஆகச் சுருங்கிய பிறகு, அதை மாற்ற வேண்டிய அவசரமும் அவர்களுக்கு இல்லை.

பதின்மூன்றாம்பக்கம்:

ஒன்று விட்டுப்போச்சு. அடுத்த ஆணை வந்தால் சண்டை தேதியோடு நிற்காது. கேள்வியின் வாசகத்தைப் பாருங்கள். 2014 வாக்கெடுப்புக்கு எடின்பரோ முதலில் எழுதியது ‘ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ தேர்தல் ஆணையம் சோதித்துப் பார்த்துவிட்டு ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்பது ‘ஆம்’ பக்கம் தள்ளுகிறது என்று வெட்டச் சொன்னது. கடைசியில் ‘ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா?’ மட்டும் நின்றது. இன்னொரு தடவை ‘இருப்பதா, பிரிவதா’ என்று பிரெக்ஸிட் பாணியில் கேட்க வேண்டும் என்று பிரிய வேண்டாம் என்னும் தரப்பு நிச்சயம் வலியுறுத்தும்.

வாக்காளர் பட்டியல் அடுத்தது. 2014இல் 16 வயதானவர்களுக்கும் ஓட்டு. பிறப்பு கணக்கில்லை, வசிப்பிடம்தான் கணக்கு: க்ளாஸ்கோவில் முறையான அனுமதியோடு வசித்த இந்திய, இலங்கைக் குடிமகனுக்கு காமன்வெல்த் என்ற கணக்கில் ஓட்டு உண்டு; லண்டனில் குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லை. வாக்குப்பதிவு 84.6% ஆனது.

‘60% வந்தால்தான் செல்லும்’ என்று வரம்பு கேட்பவர்களும் உண்டு. அதற்கு எடின்பரோ ஒருநாளும் சம்மதிக்காது, 1979 காரணம். அப்போது ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று நடந்த வாக்கெடுப்பில் வேண்டும் என்றவர்கள் 51.6%. ஆனால் மொத்த வாக்காளரில் 40% வேண்டும் என்று ஜார்ஜ் கன்னிங்ஹாம் என்ற லேபர் உறுப்பினர் திருத்தம் போட்டிருந்தார். கிடைத்தது 32.9%. பட்டியலில் பெயர் நீக்கப்படாத செத்தவர்களும் ‘வேண்டாம்’ பக்கம் எண்ணப்பட்ட மாதிரி ஆனது. அதன்பின் ஹோலிரூட் வர இருபது வருடம் பிடித்தது. எந்த வரைவு ஆணை வெளியானாலும் தேதியைப் பார்க்கும் முன் வரம்பு, கேள்வி, வாக்காளர் தகுதி மூன்றையும் யார் கையில் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2013இல் அந்த மூன்றையும் ஹோலிரூட் கையில் விட்டார்கள். இன்னொரு முறை லண்டன் அவ்வளவு தாராளமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.