நடுக்கம் இல்லை, ஆனால் அப்பாவின் வலது கை வீசவில்லை. வயதா, நோயா?

கோமதி, சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. 38 ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால், பால் வடியும் மங்கைத் துடைக்கப் போகும் அம்மா அவர் பின்னால் ஓடத்தான் வேண்டுமாம். அந்த மனிதர் இன்று சட்டைக்கு ஐந்து பொத்தான் போட்டு முடிப்பதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடுகிறது.

கையில் நடுக்கம் துளியும் இல்லை. அதுதான் எனக்குக் குழப்பம். நடக்கும்போது இடது கை வீசுகிறது; வலது கை முழங்கையில் மடங்கி இடுப்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது. குரல் தணிந்துவிட்டது. பேரன் மடியில் ஏறினாலும் முகம் மலர்வதில்லை. "தாத்தாவுக்கு என் மேல் கோபமா?" என்று குழந்தை கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் கணக்கை அப்பாதான் எழுதுகிறார். சென்ற வாரம் அந்த நோட்டைப் புரட்டினேன். ஆடித் திருவிழாச் செலவில் எழுத்துகள் உருண்டை உருண்டையாக இருக்கின்றன. தைப்பூசத்துக்கு வரும்போது பாதியாகச் சிறுத்துவிட்டன. போன மாதப் பக்கத்தில் 'தேங்காய்' என்று தெளிவாகத் தொடங்கும் வரி, தொகை எழுதும் இடத்துக்குப் போவதற்குள் எறும்பு வரிசையாகிவிடுகிறது.

டவுனில் ஒரு கிளினிக்கில் "வயதானால் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். தலைசுற்றலுக்கு அங்கே கொடுத்த மாத்திரையை ஓராண்டாகச் சாப்பிட்டு வருகிறார். நான் யாரைப் பார்ப்பது?

செல்வம், பீடோர்:
சகோதரி, வயது என்று விட்டுவிடாதீர்கள். என் அம்மாவுக்கும் நடுக்கம் இல்லை. தோள்பட்டை வலி என்று இரண்டு ஆண்டுகள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அது பார்க்கின்சன் நோய். இந்த நோயைக் கண்டறிய நடுக்கம் கட்டாயமில்லை. அசைவு மெதுவாவதும் சிறுத்துப்போவதும்தான் கட்டாயம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். அப்பாவிடம் மூன்று கேளுங்கள்: வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கத்திக் கை கால் உதறுகிறாரா? அம்மாவுக்கு இவை பல ஆண்டுகள் முன்பே இருந்தன. நாங்கள் பொருட்படுத்தவில்லை.

மருந்தாளர் மாலதி:
கோமதி, அந்தத் தலைசுற்றல் மாத்திரையின் பெயரை முதலில் பாருங்கள். சின்னரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு போன்றவை நாள்கணக்கில் சாப்பிட்டால் இதே மந்தத்தைக் கொண்டுவரலாம். அசைவைத் தொடங்கவும் சீராக நடத்தவும் மூளைக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் தேவை. பார்க்கின்சன் நோயில் அதைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. இந்த மாத்திரைகளோ அது வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடுகின்றன. மருந்தால் வந்தது என்றால், நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தணியும். நீங்களாக நிறுத்த வேண்டாம். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சிறு பக்கவாதம் ஆகியவையும் ஆளை மந்தமாக்கும். அரசாங்கக் கிளினிக்கில் பதிந்து, ஈப்போ நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். எழுத்து சிறுப்பதும் ஓர் அறிகுறிதான்; கோயில் நோட்டை மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.

கோமதி (மூன்று மாதம் கழித்து):
மாத்திரை சின்னரிசின்தான். நிறுத்தச் சொன்னார்கள். குரல் கொஞ்சம் தேறியது, கை தேறவில்லை. ஈப்போவில் மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து விரித்துத் தட்டச் சொன்னார். இடது கை ஓடியது. வலது கை அகலமாகத் தொடங்கி, பத்தாவது தட்டில் விரல்கள் பிரியவே இல்லை. எத்தனை ஆயிரம் மரம் சீவிய கை அது! வாசனை பற்றிக் கேட்டார். உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பால் ஏற்றிய லாரி வீட்டைத் தாண்டிப் போனால்கூட நான்கைந்து ஆண்டுகளாக நாற்றம் தெரிவதில்லை என்று அப்பா சாதாரணமாகச் சொன்னார். கூடவே இருக்கும் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பார்க்கின்சன்தான் என்றார்கள். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். காலையில் ரொட்டி சானாயும் பருப்பும் சாப்பிட்டவுடன் கொடுக்கிறேன். சரிதானா?

செல்வம், பீடோர்:
உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். குமட்டினால் வெறும் பிஸ்கட் ஒன்று போதும். குமட்டலுக்கு யாராவது மெட்டோகுளோபிரமைடு எழுதினால், பார்க்கின்சன் இருக்கிறது என்று உடனே சொல்லுங்கள். லெவோடோபாவை ஒருநாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். கணக்கு நோட்டை அவரே தொடர்ந்து எழுதட்டும், அகலக் கோடு போட்ட நோட்டாக வாங்கிக் கொடுங்கள். அம்மாவுக்குக் கோடு இருந்தால் எழுத்து சிறுப்பதில்லை.