ஓடையோரச் சரளைக் குவாரி: ஐம்பது மீட்டர் விட்டால் மிச்சம் எவ்வளவு?

வடக்குமடை:
உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஓடையை ஒட்டி ஐந்து ஏக்கர் பட்டா நிலத்தில் சரளை எடுக்க விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். திட்டத்தின் நகல் ஒன்று கைக்கு வந்தது. 2 ஹெக்டேர், ஆழம் 3 மீட்டர், இரண்டு வருடம், மொத்தம் 21,000 யூனிட். ஓடைப் பக்கம் 50 மீட்டர் விடுவார்களாம். கடைசியில் ‘முடிந்ததும் நிலம் சீரமைக்கப்படும்’ என்று ஒரே ஒரு வரி. அந்த ஓடைதான் எங்கள் கண்மாய்க்கு வரத்து. கிராம சபையில் என்ன கேட்கலாம், சொல்லுங்கள்.

டிப்பர்ராசா:
கேட்பது இருக்கட்டும் அண்ணே. உங்கள் ஊரில் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் அஸ்திவாரத்தில் கொட்டும் கிராவல் வானத்திலிருந்தா விழுகிறது? மூன்று யூனிட் வண்டி ஒன்று எனக்கும் ஓடுகிறது, அதை மறைக்கவில்லை. அந்த ஐந்து ஏக்கரில் சீமைக்கருவேலத்தை விட்டால் என்ன விளைகிறது? நடைச்சீட்டோடு, அதாவது லோடு ஏற்றிப்போக அரசு கொடுக்கும் அனுமதிச் சீட்டோடு எடுப்பவனைத் தடுத்தால் சீட்டே இல்லாதவன் ராத்திரியில் கண்மாய்க்குள் இறங்குவான். எல்லாவற்றையும் அரிட்டாபட்டி ஆக்காதீர்கள். அது மேலூர்ப் பக்கம் ஊரே எதிர்த்த டங்ஸ்டன் சுரங்கம், 2025 ஜனவரியில் மத்திய அரசே சுரங்க ஏலத்தை ரத்து செய்துவிட்டது. இது வெறும் ஐந்து ஏக்கர்.

கலுங்கு:
சின்னது என்பதுதான் தம்பி பயமே. பெரிய சுரங்கம் என்றால் நாலு பேர் கேட்பார்கள், இதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எதற்காக? துண்டு துண்டாகப் பிரித்து வாங்கித் தப்பித்துக்கொண்டிருந்ததால்தான். இன்னொன்று. 21,000 யூனிட் எடுத்த குழி ஏறக்குறைய ஆறு கோடி லிட்டர் பிடிக்கும். ஐப்பசியில் ஓடை கரையை உடைத்து அதற்குள் போனால், குழி வயிறு நிரம்பிய பிறகுதான் கண்மாய்க்குத் தண்ணீர். அதற்குள் மழை நின்றுவிடும்.

மானாவாரி:
நான் நிலம் கொடுத்து ஏமாந்தவன், ஆனாலும் குவாரியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மானாவாரிச் சோளத்தில் கடன் அடைத்தவன் எவனும் கிடையாது. என் ஒன்றரை ஏக்கரில் தோண்டியவர்கள் முதல் வாரமே மேல்மண்ணை, அந்த ஒரு அடி கறுப்பு மண்ணை, வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள். குழி வெட்டி முடிந்ததும் மூட மண் ஏது? இன்றைக்கும் ஓரம் செங்குத்தாக நிற்கிறது. போன கோடையில் ஒரு கிடாரி விழுந்து, கயிறு கட்டி எட்டுப் பேர் இழுத்தோம். ஒப்பந்தத்தில் மேல்மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்கவும் இல்லை.

பழையசங்கிலி:
முப்பது வருடம் நில அளவையில் இருந்தவன். வடக்குமடை, அந்த நிலத்தின் நீள அகலம் என்ன? ஓடை எந்தப் பக்கம்?

வடக்குமடை:
நீளம் 200 மீட்டர், அகலம் 100 அய்யா. கிழக்கே நீளவாக்கு முழுவதும் ஓடைதான். மற்ற மூன்று பக்கமும் பட்டா.

பழையசங்கிலி:
அப்படியென்றால் திட்டத்தில் இருப்பது இரண்டு கணக்கு. 21,000 யூனிட் எப்படி வந்தது? இரண்டு ஹெக்டேரையும் மூன்று மீட்டரையும் அப்படியே பெருக்கினால் 60,000 கனமீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். வகுத்துப் பாருங்கள், 21,000 சொச்சம். ஓரம் விடாமல், சரிவு விடாமல் போட்ட கணக்கு இது.

இனி அவர்கள் எழுதியபடியே விடுவோம். ஓடைப் பக்கம் 50, மற்ற மூன்று பக்கமும் வழக்கமான 7.5 மீட்டர். மிஞ்சுவது 185-க்கு 42.5. ஓரங்களை ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவில் வெட்டினால் மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பக்கத்துக்கு நாலரை மீட்டர் உள்ளே போய்விடும். அப்புறம் வருவது சுமார் 20,600 கனமீட்டர், 7,300 யூனிட். மேல்மண்ணை ஒதுக்கினால் அதிலும் குறையும். சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்ச 14,000 யூனிட் எங்கிருந்து வரும்?

டிப்பர்ராசா:
சங்கிலி அய்யா, 7,300 யூனிட்டுக்கு ரோடு போட்டு, ஹிட்டாச்சி இறக்கி, யாரும் வர மாட்டார்கள். எனக்கே தெரியும்.

கலுங்கு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த ஐம்பது மீட்டரைத் தின்னத்தான் வருகிறார்கள்.

டிப்பர்ராசா:
சரி, தின்னட்டும் என்றே வையுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் பண்ணைக்குட்டைதானே? சுற்றுக் கிணறுகளில் நீர் ஏறும். மீன் விடலாம்.

பழையசங்கிலி:
பண்ணைக்குட்டை தண்ணீரை வாங்கிக்கொள்ளும், ஓடையையே வாங்கிக்கொள்ளாது. ஓடை மட்டம் ஒரு இடம், குழியின் அடி அதற்குக் கீழே. நடுவில் பத்தடி மண் மட்டும் நின்றால் ஒரு வெள்ளத்தில் போய்விடும். தண்ணீர் குழிக்குள் விழும் இடத்தில் அருவி மாதிரி பறிக்கும். பறிப்பு மேல்நோக்கி ஏறும். இரண்டு வயல் தள்ளி, குவாரிக்குச் சம்பந்தமே இல்லாதவர் கரை சரியும். ஓடை கொண்டுவரும் மணலெல்லாம் குழியிலேயே தங்கிவிடும். மணல் இல்லாமல் வெளியேறும் தண்ணீர் கீழே இன்னும் கடுமையாக அரிக்கும். கிணற்றில் நீர் ஏறும் என்பது உண்மைதான். அதற்கு ஓடை கரைக்குள் இருக்க வேண்டும்.

மானாவாரி:
சீரமைப்புக்கு என்ன எழுதச் சொல்லலாம் அய்யா?

பழையசங்கிலி:
‘முடிந்ததும்’ என்ற வார்த்தையை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அங்கே ஆள் இருக்காது, உங்கள் கதையே சாட்சி. நிலத்தை மூன்று பட்டையாகப் பிரித்து, ஓடைக்குத் தூரமான பட்டையில் ஆரம்பிக்கட்டும். மேல்மண் தனிக்குவியல், ஆள் உயரத்துக்கு மேல் வேண்டாம், மழைக்குமுன் கொழிஞ்சி விதைத்துவிட்டால் கரையாது. முதல் பட்டையில் சரிவு வெட்டி மேல்மண் பரப்பிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்கலாம். ஒரு பக்கமாவது மாடு தானே ஏறி வருகிற அளவுக்குச் சாய்வாக இருக்கட்டும். ஐம்பது மீட்டர் கோட்டில் காகிதம் போதாது, கல் நட வேண்டும். ஹிட்டாச்சி இறங்குவதற்கு முன்னால்.

டிப்பர்ராசா:
கல்லைப் பிடுங்கிப் போட எவ்வளவு நேரம் அய்யா ஆகும்? ஆனால் பட்டை பட்டையாக எடுப்பது நடக்கிற காரியம். வண்டிக்கும் வேலை இருக்கும். 7,300 என்று வெளிப்படையாக எழுதினால் நானே கிராம சபையில் ஆதரித்துக் கை தூக்குவேன்.

கலுங்கு:
நான் தூக்க மாட்டேன். அந்த ஓடையில் இனி ஒரு மண்வெட்டிகூட வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

வடக்குமடை:
ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடைக்கரையில் அளந்து குச்சி நடலாம் என்றிருக்கிறேன். கிராம சபையில் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். என்னிடம் முப்பது மீட்டர் டேப்தான் இருக்கிறது. சங்கிலி அய்யா, உங்கள் சங்கிலி இன்னும் வீட்டில் இருக்கிறதா?

பழையசங்கிலி:
பரணில் கிடக்கிறது, துரு தட்ட வேண்டும். ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன். தம்பி டிப்பர்ராசா, நீயும் வா, மறுமுனை பிடிக்க ஆள் வேண்டும்.