கேஸ் மாத்திரையால் எரிச்சல் போச்சு, வயிறு ஏன் காலியாக மாட்டேன் என்கிறது?

அரைவயிறு:
நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் பேன்டோபிரசோல் 40 எழுதிக் கொடுத்தார். மூன்று மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறேன். எரிச்சல் பத்தே நாளில் போய்விட்டது, அதில் குறையில்லை. ஆனால் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது சாயங்காலம் ஆறு மணிக்கும் வயிற்றில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஏப்பம் விட்டால் மதியச் சாப்பாட்டு வாசம். முன்பு இப்படி இருந்ததில்லை. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை வயிற்றையே மந்தமாக்கிவிடுகிறது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் வரலாம்.

கறார்பேர்வழி:
வந்தேன். இந்த மாத்திரை அடைப்பது இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் உள்ள பம்பை. தசையை இயக்குவதும் நரம்பை அடக்குவதும் அதன் வேலையே இல்லை. நெஞ்செரிச்சலோடு வருகிறவர்களில் சிலருக்கு முதலிலிருந்தே வயிறு மெதுவாகத்தான் காலியாகும். எரிச்சல் கத்திக்கொண்டிருந்த வரைக்கும் மந்தம் உங்கள் காதில் விழவில்லை, அது அடங்கியதும் கேட்கிறது. மாத்திரை மேல் பழி போடுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

நடுவாந்திரம்:
கறார் அண்ணே, தசையைத் தொடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிறு காலியாவது தசையின் வேலை மட்டும்தானா? திட உணவு இறங்கியதும் இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முறை அதைப் பிசைந்து வாசல் பக்கம் தள்ளுகிறது. வாசல்தான் பைலோரஸ். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிற துணுக்கை அது லேசில் விடாது, உள்ளேயே திருப்பி அனுப்பும். மறுபடி பிசையல், மறுபடி தள்ளல். இந்த அரவையை எளிதாக்குவது புரதத்தை உடைக்கிற பெப்சின். அதற்கோ அமிலம் வேண்டும். அமில அளவைச் சொல்லும் பிஹெச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; பிஹெச் 2 பக்கத்தில் பெப்சின் சுறுசுறுப்பாக இருக்கும், 4-ஐத் தாண்டினால் சுருண்டுவிடும். நாளின் பெரும்பகுதி பிஹெச்சை 4-க்கு மேல் வைத்திருக்கத்தான் நாம் மாத்திரையே போடுகிறோம்! ஊறாததை அரைக்கிற மாதிரி. கல் நன்றாகத்தான் சுற்றுகிறது, மாவு ஆக நேரமாகிறது.

அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. இந்த வகை மாத்திரைகள் திட உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன, திரவத்தில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை என்றார்கள். பொருந்துகிறதா இல்லையா? தண்ணீரை யாரும் அரைக்க வேண்டியதில்லை.

கறார்பேர்வழி:
சரி, பெப்சின் கணக்கை ஏற்கிறேன். நான் "வேலையே இல்லை" என்று எழுதியது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கருவியில் தெரிகிற தாமதம் வேறு, வயிற்றில் உணர்கிற கனம் வேறு. வயிறு மிக மெதுவாகக் காலியாகிறவர்களில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் திரிகிறவர்கள் உண்டு. சரியான வேகத்தில் காலியாகியும் நாலு வாய்க்கே போதும் என்கிறவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் விவாதம் முடிந்துவிடும், விடை கிடைக்காது.

முட்டைவெள்ளை:
வயிறு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று கருவியில் பார்க்கிற அந்தச் சோதனையே எனக்கு எடுத்தார்கள், சொல்கிறேன். டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம். சுவை பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. பத்து நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லிவிட்டுக் கேமரா முன்னால் நிற்க வைத்தார்கள். உடனே ஒன்று, பிறகு 1, 2, 4 மணி நேரத்தில் ஒவ்வொன்று. இடையில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான். 4 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் தாமதம். எனக்கு 18.

விஷயத்துக்கு வருகிறேன். சோதனைக்கு முன் வலி மாத்திரையையும் வாந்தி மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள். தினமும் போடும் ஒமிபிரசோலைப் (பேன்டோபிரசோல் வகைதான்) பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த 18 என் வயிற்றுடையதா, மாத்திரையுடையதா? இன்றுவரை தெரியாது.

கறார்பேர்வழி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். தெரியாது.

மாத்திரைப்பெட்டி:
மருந்துக் கடை அனுபவத்தில் ஒரு விஷயம். அமிலம் குறைக்கிற மருந்துகளை எல்லாம் ஒரே கூடையில் போடாதீர்கள். ரேனிடிடின், நிசாடிடின் இரண்டும் அமிலத்தைக் குறைத்தாலும் தசையை இயக்கச் சொல்லும் நரம்புச் செய்திப் பொருளான அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதியைத் தடுப்பதால் வயிற்றின் அசைவைக் கொஞ்சம் தூண்டவும் செய்யும். அதே குடும்பத்து ஃபாமோடிடினுக்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் ரேனிடிடினில் ஒரு சிக்கல், புற்றுநோய் அபாயம் உள்ள என்டிஎம்ஏ என்ற மாசு காரணமாக 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை அந்நாட்டுச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. அலுமினியம் கலந்த ஆன்டாசிட் திரவமோ வயிற்றைத் தானே மெதுவாக்கும்.

பேன்டோபிரசோலோடு, வயிற்றின் அசைவைத் தூண்டும் டாம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூல் இருக்கிறதே, அதை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இதயத் துடிப்புப் பிரச்சினை காரணமாக 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை டாம்பெரிடோனைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் என்று சுருக்கிவிட்டது.

அரைவயிறு:
அப்புறம் என்ன, நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்துகிறேன். நான் ஜெயித்தேன்.

கறார்பேர்வழி:
ஜெயித்தீர்கள், இப்போது தோற்கப் போகிறீர்கள். 2009-இல் ஒரு சோதனை. வயிற்றுத் தொந்தரவே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் இதே வகை மாத்திரையான எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு மாதிரியான தொந்தரவு. வெற்று மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். அமிலம் குறையும்போது உடம்பு, அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனைக் கூட்டுகிறது, பம்பைத் திறந்ததும் அது சேர்த்து வைத்துத் தாக்கும். உங்களுக்கு ஏன் எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். ரத்தம் கசிந்த புண்ணோ ஆஸ்பிரினோ இருந்தால் நிறுத்துகிற பேச்சே வேண்டாம்.

நடுவாந்திரம்:
அந்தக் காஸ்ட்ரினும் வயிறு காலியாவதை மெதுவாக்கும், அண்ணன் எனக்கே ஒரு அம்பு எடுத்துக் கொடுத்துவிட்டார். இருக்கட்டும். அரைவயிறு, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?

அரைவயிறு:
சர்க்கரைக்கு வாரம் ஒரு ஊசி. செமாக்ளூடைட். கேஸ் மாத்திரையோடு சம்பந்தமில்லை என்று நினைத்துச் சொல்லவில்லை.

கறார்பேர்வழி:
சம்பந்தமில்லையா! வயிறு காலியாவதை மெதுவாக்குவது அந்த ஊசியின் வேலைகளில் ஒன்று. முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம்.

நடுவாந்திரம்:
அதனால் மாத்திரை நிரபராதி ஆகிவிடாது அண்ணே. ஊசியே மெதுவாக்கிய வயிற்றில் அரவையும் மந்தமானால்? முதலில் தேதி வேண்டும். ஊசி எப்போது, மந்தம் எப்போது?

அரைவயிறு:
சர்க்கரை அளவு குறிக்கிற நோட்டைப் புரட்டினேன். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் ஓரத்தில் "வயிறு கொஞ்சம் கனம்" என்று என் கையெழுத்து. ஊசி ஐந்தாவது வாரம். "ராத்திரி சாப்பாடு வேண்டாம்" என்று எழுதியது ஏழாவது வாரம், அதிலிருந்து தினமும். மாத்திரையை நிறுத்தவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன்.

முட்டைவெள்ளை:
சோதனை எழுதிக் கொடுத்தால் இரண்டு மருந்தையும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கையில் படிக்க ஏதாவது கொண்டு போங்கள். அந்தச் சுவரில் ஒன்றுமில்லை.